திறந்தாச்சு வேற, வந்து சேர்ந்தாச்சு வேற: ஸ்க்ரீன்ஷாட் மெதுவா சேவ் ஆகறதோட வரலாறு

(எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் எடுத்திருக்கோம்.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரொம்ப சாதாரணமா இருந்துச்சு. "ப்ரோ, என் டெஸ்க்டாப்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா சேவ் ஆக அஞ்சு பத்து செகண்ட் ஆகுது, என்ன பண்றது?" அவ்வளவுதான் கேள்வி. ரெண்டு வரியில பதில் போட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா இதே கேள்விக்கு நான் ஒரு தடவை ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லியிருக்கேன். தப்பான பதில். அதுக்கான விலையை வேற ஒருத்தங்க குடுத்தாங்க. அதனால இன்னைக்கு நிதானமா, 1981ல இருந்து ஆரம்பிச்சு வர்றேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். எங்க அம்மா ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பு. அங்கிருந்து மேற்கால போனா மலை அடிவாரத்துல பிளவக்கல். அங்க ரெண்டு அணை இருக்கு, பெரியாறு அணை, கோவிலாறு அணை. பெரியாறுன்ன உடனே முல்லைப் பெரியாறுக்குப் போயிடாதீங்க, இது எங்க ஊர்ப் பெரியாறு. 1970கள்ல கட்டின அணைகள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பசங்களுக்கு லீவு நாள்னா பிளவக்கல்தான் பிக்னிக்.

எங்க மாமா வத்திராயிருப்புல ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் வச்சிருக்காரு. நாலு டெஸ்க்டாப், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கூடவே கண்மாய்க்குக் கீழ கொஞ்சம் வயலும் உண்டு. அவர் ஒருநாள் போன் பண்ணி, "மாப்ள, ரெண்டாம் நம்பர் கம்ப்யூட்டர்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா சேவ் ஆக பத்துப் பன்னண்டு செகண்ட் ஆகுதுப்பா. பணம் கட்டுன பக்கத்தைப் பிரிண்ட் எடுக்க ஆளு காத்துக்கிட்டு நிக்குது"ன்னாரு. நான் இங்க சென்னையில ஒரு ஐடி கம்பெனில இருக்கேன். ரிமோட்ல உள்ள போனேன், ரெண்டு நிமிஷத்துல ஒரு டிக் போட்டேன், வெளிய வந்தேன். அந்த டிக் என்னன்னு கடைசில சொல்றேன். அது ஏன் தப்புன்னு புரியணும்னா "சேவ்"ங்கற வார்த்தைக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு தெரியணும்.

சேவே இல்லாத காலம்

1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் பிசி வந்துச்சு. அதோட கீபோர்டுலயே பிரிண்ட் ஸ்க்ரீன் கீ இருந்துச்சு. ஷிஃப்ட்டோட சேத்து அமுக்கினா, பேரு சொல்ற மாதிரியே திரையில இருக்கற எழுத்தை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பும். ஃபைலும் கிடையாது, ஃபோல்டரும் கிடையாது. பேப்பர்தான் ஸ்க்ரீன்ஷாட்.

திரைக்கு 80 எழுத்து, 25 வரி. மொத்தம் 2,000 எழுத்து. அந்தக் கம்ப்யூட்டரோட ஐபிஎம் வித்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் விநாடிக்கு 80 எழுத்து அடிக்கும். திரை முழுக்க எழுத்து இருந்தா கணக்குப்படி 25 விநாடி. அதுவரைக்கும் நீங்க ஓட்டிக்கிட்டிருந்த புரோகிராம் அப்படியே காத்திருக்கணும். ஆக, மெதுவான ஸ்க்ரீன்ஷாட் நம்ம காலத்துப் பிரச்சினை இல்ல. கீ பிறந்த நாள்ல இருந்தே இருக்கு.

ஆனா அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் உண்டு. அந்த பிசியோட பயாஸ், மெமரில ஒரே ஒரு பைட்டை இதுக்குன்னே ஒதுக்கி வச்சிருந்துச்சு. பிரிண்ட் நடந்துகிட்டு இருந்தா அதுல 1. ஒழுங்கா முடிஞ்சா 0. நடுவுல கோளாறு ஆனா 255. நடக்குதா, முடிஞ்சதா, கெட்டுப்போச்சா, மூணுக்கும் அந்த ஒரு பைட்ல பதில் இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1984ல மேக்கின்டாஷ். அதுல கமாண்ட், ஷிஃப்ட், 3 மூணையும் சேத்து அமுக்கினா திரை ஒரு படமா, ஃபைலா டிஸ்க்ல போய் உக்காரும். இன்னைக்கு மேக்லயும் அதே கீதான். அன்னைக்குத் திரை 512க்கு 342 புள்ளி, கறுப்பு வெள்ளை மட்டும், புள்ளிக்கு ஒரு பிட். பெருக்கிப் பாத்தா மொத்தத் திரையும் 21,888 பைட். 400 கிலோபைட் ஃப்ளாப்பில தாராளமா இடம் இருந்துச்சு.

விண்டோஸ் பக்கம் கதை வேற. அங்க ரொம்ப வருஷத்துக்கு பிரிண்ட் ஸ்க்ரீன் அமுக்கினா படம் கிளிப்போர்டுக்குப் போகும், அவ்வளவுதான். பெயிண்ட்டைத் திறக்கணும், பேஸ்ட் பண்ணணும், சேவ் பண்ணணும், பேரு வைக்கணும். நம்மள்ல பல பேர் ஸ்கூல் லேப்ல இதைத்தான் முதல்ல கத்துக்கிட்டோம். எக்ஸ்பி காலத்துல பெயிண்ட் பிஎம்பிங்கற சுருக்காத வடிவத்துல சேவ் பண்ணும். 1024க்கு 768 திரைன்னா ஒரு படம் 2.3 எம்பிக்கு மேல. 1.44 எம்பி ஃப்ளாப்பில ஒரு ஸ்க்ரீன்ஷாட் கூட நுழையாது.

2012 அக்டோபர்ல விண்டோஸ் 8 வந்தப்போதான் விண்டோஸ் கீயும் பிரிண்ட் ஸ்க்ரீனும் சேத்து அமுக்கினா நேரா பிக்சர்ஸ் உள்ள ஸ்க்ரீன்ஷாட்ஸ் ஃபோல்டருக்குப் போற வசதி வந்துச்சு. திரை ஒரு நொடி மங்கி திரும்ப வரும். நாம "எடுத்தாச்சு"ன்னு நினைக்கறோம். உண்மையில அந்த மங்கல் சொல்றது "வேலை ஆரம்பிச்சாச்சு" மட்டும்தான். முன்னாடி மனுஷன் நாலு படியில பண்ணின வேலை ஒரே கீக்குள்ள மறைஞ்சு போச்சு. எந்தப் படியில தாமதம்னு நமக்குத் தெரியாமப் போனதும் அப்போதான்.

படத்தைச் சுருக்கற வேலை

முதல் தாமதம் சுருக்கறதுல. இன்னைக்கு 1920க்கு 1080 திரைல புள்ளிக்கு 4 பைட்னு வச்சா ஒரு திரை கிட்டத்தட்ட 8.3 எம்பி. 4கே மானிட்டர்னா 33 எம்பி. அந்த 1984 மேக் திரையோட ஒப்பிட்டா சுமார் 1,500 மடங்கு. இதை அப்படியே எழுத முடியாது, சுருக்கணும். அதுக்கு நாம பயன்படுத்தறது பிஎன்ஜி. அது பிறந்த கதையே ஒரு சண்டைல ஆரம்பிக்குது.

1987ல கம்ப்யூசர்வ் கம்பெனி ஜிஃப் வடிவத்தைக் கொண்டுவந்துச்சு. அதுக்குள்ள இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்கு முறைக்கு யூனிசிஸ் கம்பெனி காப்புரிமை வச்சிருந்துச்சு. ஏழு வருஷம் உலகமே ஜிஃப்பை இஷ்டத்துக்குப் பயன்படுத்தின பிறகு, 1994 டிசம்பர் கடைசில, ஜிஃப் எழுதற மென்பொருளுக்கு இனி உரிமக் கட்டணம்னு அறிவிப்பு வந்துச்சு. புரோகிராமர்கள் கொதிச்சுப் போனாங்க. சுமார் ஒரு வாரத்துலயே, 1995 ஜனவரி 4ஆம் தேதி தாமஸ் பௌட்டல்ங்கறவர் புது வடிவத்துக்கான வரைவை ஒரு யூஸ்நெட் குழுவுல போட்டாரு. முகம் பாக்காத பல பேர் மெயில்லயே சேந்து அதைச் செதுக்கினாங்க. 1996 அக்டோபர் 1ஆம் தேதி அது டபிள்யூ3சியோட பரிந்துரை ஆச்சு. அதுதான் பிஎன்ஜி.

அவங்க எடுத்த முடிவு ரெண்டு. ஒண்ணு, யாருக்கும் காசு குடுக்கத் தேவையில்லாத டிஃப்ளேட் சுருக்கு முறை. இன்னொண்ணு, ஒரு புள்ளி கூட மாறக்கூடாது. ஜேபெக் மாதிரி கண்ணுக்குத் தெரியாததைத் தூக்கிப்போடற வேலையெல்லாம் இல்ல. ரசீதுல இருக்கற நம்பரோட ஓரம் கூட மங்காது. ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இது வரம். ஆனா அதுக்கு ப்ராசசர் உழைக்கணும். ஒவ்வொரு வரிக்கும் அஞ்சு வகை ஃபில்டர்ல எது பொருந்தும்னு பாக்கணும். அப்புறம் முன்னாடி வந்த 32 கிலோபைட்டுக்குள்ள இதே மாதிரி துண்டு எங்கயாவது இருக்கான்னு தேடணும். எவ்வளவு தீவிரமா தேடணும்னு 0ல இருந்து 9 வரைக்கும் அளவு வைக்கலாம். 9ல வச்சா ஃபைல் கொஞ்சம் சின்னதாகும், நேரம் நிறைய ஆகும்.

வெள்ளைப் பின்னணியில எழுத்து மட்டும் இருந்தா கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அதே திரைல கேம், சினிமா, மலைக்காட்சி வால்பேப்பர்னு இருந்தா திரும்ப வர்ற துண்டே கிடைக்காது. அதனால உங்க கம்ப்யூட்டர் சில படத்துக்கு மட்டும் திணறுச்சுன்னா சந்தேகம் இங்க போகணும்.

அணையும் கண்மாயும்

இப்போதான் முக்கியமான இடம். இதுக்கு நான் திரும்ப பிளவக்கல் போறேன்.

எங்க ஊர்ல அணைத் தண்ணி நேரா வயலுக்கு வராது. அணையில ஷட்டரைத் திறப்பாங்க. தண்ணி ஆத்துல வரும், அங்கிருந்து கால்வாய் வழியா கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சாதான் அடுத்த கண்மாய்க்கு. கண்மாய் மடையைத் திறந்தா வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து வயல். கடைசில இருக்கறவரைக் கடைமடைக்காரர்னு சொல்வோம். மாமா அந்த வகை. "பிளவக்கல் அணை பாசனத்துக்குத் திறப்பு"ன்னு காலைல பேப்பர்ல படம் வரும். அன்னைக்கே மாமா வயல் நனையாது. திறந்தாச்சுங்கறது வேற, வந்து சேர்ந்தாச்சுங்கறது வேற. இது தெரியாம நாத்துப் பாவினா காஞ்சு போகும்.

கம்ப்யூட்டர் சேவ் பண்றதும் இதே அமைப்புதான். ஒரு புரோகிராம் "இந்தா ஃபைல், எழுதிக்கோ"ன்னு சொன்னதும் ஆபரேட்டிங் சிஸ்டம் அதை முதல்ல ரேம்ல வாங்கி வச்சுக்கும். "எழுதிட்டேன்"னு உடனே சொல்லிடும். அப்புறமா நேரம் பாத்து டிஸ்குக்கு அனுப்பும். டிஸ்கும் நேரா தட்டுல எழுதாது. அதுக்குள்ளயும் ஒரு சின்ன மெமரி உண்டு, அங்க வாங்கி வச்சுக்கிட்டு அதுவும் "எழுதிட்டேன்"னு சொல்லும். அணை, கண்மாய், வயல். ரேம், டிஸ்கோட உள் மெமரி, டிஸ்க் தட்டு. கரெக்டா மூணு.

இப்படி ஏன் பண்ணாங்க? டிஸ்க் அவ்வளவு மெதுவு. நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்தற ஹார்ட் டிஸ்க்ல ஒரு சுத்துக்கே 8.3 மில்லிவிநாடி. நினைச்ச இடம் முள்ளுக்கு அடியில வர்றதுக்குச் சராசரியா அதுல பாதி. முள்ளு இடம் மாற இன்னும் சில மில்லிவிநாடி. ஒரு ஸ்க்ரீன்ஷாட் சேவ் ஆகணும்னா படம், ஃபைல் பேரு, எங்க இருக்குங்கற குறிப்பு, பாதுகாப்புப் பதிவுன்னு பல இடத்துல எழுதணும். ஒவ்வொண்ணுக்கும் காத்திருந்தா உயிரே போயிடும்.

இது இன்னைக்கு வந்த யோசனையும் இல்ல. 1970கள்ல யூனிக்ஸ் எழுத வேண்டியதை மெமரில தேக்கி வச்சிருந்துச்சு. 30 விநாடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன புரோகிராம் வந்து தேங்கினதையெல்லாம் டிஸ்குக்குத் தள்ளும். மெஷினை நிறுத்தறதுக்கு முன்னாடி 'சிங்க்'னு மூணு தடவை டைப் பண்ணணும்னு பழைய ஆளுங்க சொல்லிக் குடுப்பாங்க. மூணுல மந்திரம் ஒண்ணுமில்ல. மூணு தடவை டைப் அடிக்கற நேரத்துல டிஸ்க் வேலையை முடிச்சிடும், அவ்வளவுதான். 1983ல 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்ல 'எஃப்சிங்க்'னு ஒரு கட்டளை வந்துச்சு. "இந்த ஒரு ஃபைல் மட்டும் நிஜமாவே டிஸ்குக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் காத்திருக்கேன்"னு புரோகிராம் சொல்றதுக்கான வழி. கடைமடைக்கு தண்ணி வந்துச்சான்னு வரப்புல நின்னு பாக்கற மாதிரி.

25 வருஷம் கழிச்சு இதை வச்சே ரெண்டு சண்டை வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

2008ல ஃபயர்ஃபாக்ஸ் 3 தயாராகிட்டு இருந்துச்சு. உங்க ஹிஸ்டரியும் புக்மார்க்கும் கெட்டுப்போகக் கூடாதுன்னு அது அடிக்கடி எஃப்சிங்க் கேட்டுச்சு. அப்போ லினக்ஸ்ல புழங்கின ஈஎக்ஸ்டி3ங்கற ஃபைல் அமைப்போ, ஒரு ஃபைலைக் கேட்டா தேங்கியிருந்த மத்ததையும் சேத்தே தள்ளும். விளைவு, பிரவுசர் பல விநாடி உறைஞ்சு நின்னுச்சு. ஜனங்க திட்டித் தீர்த்தாங்க. "எஃப்சிங்க் கேட்டா மெதுவாகும்"னு புரோகிராமர்களுக்கு ஒரு பயமே வந்துடுச்சு.

அடுத்த வருஷமே எதிர்ப்பக்கம் இடிச்சுச்சு. 2008 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 2.6.28ல ஈஎக்ஸ்டி4 முழுசா தயார்னு அறிவிச்சாங்க. அது ரொம்ப வேகம். காரணம், டிஸ்க்ல இடம் ஒதுக்கறதையே தள்ளிப்போட்டுச்சு. 2009 தொடக்கத்துல உபுண்டு 9.04 சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாத்தவங்க ஒரு விசித்திரத்தைப் பாத்தாங்க. சிஸ்டம் திடீர்னு நின்னு திரும்ப வந்தா, சமீபமா சேவ் பண்ணின ஃபைல்களுக்குப் பேரு இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. பூஜ்யம் பைட். ஈஎக்ஸ்டி4ஐப் பராமரிச்ச தியோடர் ட்ஸோ, விதிப்படி எஃப்சிங்க் கேக்காத புரோகிராம்கள் மேலதான் தப்புன்னு விளக்கினாரு. பயனர்கள் "விதி இருக்கட்டும், என் ஃபைல் எங்க?"ன்னாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. கடைசில 2.6.30ல, வழக்கமா எல்லாரும் பழைய ஃபைலைப் புதுசால மாத்தற சந்தர்ப்பங்கள்ல உடனே எழுத ஆரம்பிக்கற மாதிரி அவரே ஒட்டுப் போட்டுக் குடுத்தாரு.

2008ல "ஏன் இவ்வளவு மெதுவு?"ன்னு சண்டை. 2009ல "ஏன் என் ஃபைலைக் காணோம்?"னு சண்டை. ரெண்டும் ஒரே கதவோட ரெண்டு பக்கம். சேவ் மெதுவா இருக்குன்னா அது கோளாறா இருக்கலாம். இல்ல, யாரோ ஒருத்தர் உங்களுக்காக வரப்புல நின்னு காத்திருக்கறதாவும் இருக்கலாம். எதுன்னு பாக்காம வேகப்படுத்தக் கூடாது.

நடுவுல வந்து சேர்ந்தவங்க

எஸ்எஸ்டி வந்த பிறகு டிஸ்க் வேகமாகிடுச்சு. அப்போ எல்லாம் சரியாகியிருக்கணுமே? இல்ல. வாய்க்கால்ல புதுசா ஆளுங்க வந்து நின்னாங்க.

ஃபைல் உருவான உடனே ஆன்டிவைரஸ் அதைத் திறந்து பாக்கும். எக்ஸ்ப்ளோரர் அதுக்கு ஒரு குட்டிப்படம் தயாரிக்கும். தேடல் அட்டவணைக்காரர் வருவாரு. கிளவுட் சிங்க் வந்து "இதை மேல ஏத்தணும்"னு பிடிச்சுக்கும். டெஸ்க்டாப், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் தானாவே கிளவுடோட இணைக்கற வழக்கம் வந்ததுல இருந்து, பல பேருக்குத் தன் ஸ்க்ரீன்ஷாட் எங்க சேவ் ஆகுதுன்னே தெரியாது.

சில தாமதம் வேணும்னே வச்சது. 2018ல மேக் ஓஎஸ் மொஹாவே வந்தப்போ ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததும் வலது மூலையில ஒரு குட்டிப்படம் மிதக்க ஆரம்பிச்சுச்சு. அதைத் தொட்டுத் திருத்தலாம், அனுப்பலாம். ஆனா அது மறையற வரைக்கும், கிட்டத்தட்ட 5 விநாடி, ஃபைல் டெஸ்க்டாப்புக்கு வராது. "மேக் ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு எத்தனையோ பேர் குழம்பினாங்க. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. கமாண்ட், ஷிஃப்ட், 5 அமுக்கி, ஆப்ஷன்ஸ்ல மிதக்கும் குட்டிப்படத்துக்கு எதிர்ல இருக்கற டிக்கை எடுத்துட்டா போதும். ஒருத்தருக்கு வசதி, இன்னொருத்தருக்குத் தாமதம்.

பென் டிரைவ்லயும் இதே மாதிரி ஒரு முடிவு நடந்துச்சு. 2018ல வந்த விண்டோஸ் 10ஓட 1809 பதிப்புல இருந்து, பென் டிரைவ்ல எழுதும்போது தேக்கி வைக்காம உடனே எழுதறதுதான் இயல்பான அமைப்பு. ஜனங்க சொல்லாம கொள்ளாம பிடுங்கறாங்கன்னு தெரிஞ்சு, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்குடுத்துப் பாதுகாப்பை எடுத்துக்கிட்டாங்க.

நான் போட்ட டிக்

இப்போ மாமா கடைக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மாசம்.

அந்த ரெண்டாம் நம்பர் மெஷின்ல பழைய ஹார்ட் டிஸ்க். நான் ரிமோட்ல போய் டாஸ்க் மேனேஜரைப் பாத்தேன். டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குது. "ஓகே, டிஸ்க்தான் மெதுவு"ன்னு முடிவு பண்ணிட்டேன். டிவைஸ் மேனேஜர்ல டிஸ்கோட பாலிசி பக்கத்துக்குப் போனா ரெண்டு டிக் இருக்கும். முதல் டிக், எழுத வேண்டியதைத் தேக்கி வச்சு எழுதறது. அது ஏற்கெனவே போட்டிருந்துச்சு. ரெண்டாவது, "டிஸ்கோட உள் மெமரில தேங்கினதை அப்பப்போ தட்டுல இறக்கச் சொல்ற கட்டளையை நிறுத்து"ங்கறது. அதுக்குக் கீழயே, மின்சாரம் போனாலும் தாங்கற தனி ஏற்பாடு இருந்தா மட்டும் இதைப் போடுங்கன்னு எச்சரிக்கை எழுதியிருக்கும். நான் படிச்சேன். புரிஞ்சுது. இருந்தும் போட்டேன். "சும்மா ஸ்க்ரீன்ஷாட் தானே"ன்னு நினைச்சேன். கொஞ்சம் வேகமாச்சு. மாமா "சூப்பர் மாப்ள"ன்னாரு.

பத்து நாள் கழிச்சு, எங்க சித்தி மக, என் தங்கச்சி, அதே மெஷின்ல உக்காந்து ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் போட்டா. கடைசி நாள். வெளிய மழை, இடி. பணம் கட்டியாச்சு, திரையில ஒப்புகை எண் வந்துச்சு. விண்டோஸ் கீயும் பிரிண்ட் ஸ்க்ரீனும் அமுக்கினா. திரை மங்கித் திரும்ப வந்துச்சு. நம்பரைப் பேப்பர்ல எழுதிக்கலாம்னு பேனா எடுக்கறதுக்குள்ள கரண்ட் போச்சு. அந்த மெஷினுக்கு யூபிஎஸ் இருந்துச்சு. பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகியிருந்துச்சு.

ராத்திரி கரண்ட் வந்ததும் மாமா மெஷினைப் போட்டாரு. ஸ்க்ரீன்ஷாட்ஸ் ஃபோல்டர்ல ஃபைல் இருந்துச்சு. பேரு இருக்கு, நேரம் இருக்கு, அளவு கூட இருக்கு. திறந்தா திறக்கல. நான் ரிமோட்ல போய் பைட் பைட்டா பாத்தேன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரை பூஜ்யம். கரை இருக்கு, மடை இருக்கு, தண்ணி இல்லாத கண்மாய் மாதிரி. விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபைல் அமைப்பு தன் கணக்குப் புத்தகத்தை, அதாவது பேரு, அளவு, இடத்தை, நாட்குறிப்பு போட்டுக் காப்பாத்தும். உள்ள இருக்கற படத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அந்த டிக் இல்லாம இருந்தாலும் அந்த ரெண்டு விநாடியில படம் தப்பிச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தப்பிக்க இருந்த ஒரு வழியை நான்தான் அடைச்சேன்.

அக்கவுண்ட்ல பணம் போயிருந்துச்சு. அந்த இணையதளத்துல விண்ணப்பம் பதிவாகல. "ஒப்புகை எண் அனுப்புங்க"ன்னு பதில் வந்துச்சு. எண் அந்தப் பூஜ்யங்களுக்குள்ள போயிடுச்சு. பணம் ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. அந்த வருஷம் வரல. தங்கச்சி என்கிட்ட ஒரே ஒண்ணுதான் கேட்டா: "அண்ணே, மெதுவா இருந்தப்போ ஒழுங்கா தானே சேவ் ஆச்சு?"

அடுத்த வாரம் நேர்ல போய் உக்காந்து பாத்தேன். பிக்சர்ஸ் ஃபோல்டர் ஒரு கிளவுட் கணக்கோட இணைஞ்சிருந்துச்சு. அதுல ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் ஸ்க்ரீன்ஷாட். புதுசா ஒண்ணு விழும்போதெல்லாம் சிங்க்கும் ஆன்டிவைரஸும் அந்தப் பழைய டிஸ்க் மேல ஏறி நின்னுச்சு. வேற ஃபோல்டர்ல சேவ் பண்ணிப் பாத்தேன். ஒரு விநாடி. டிஸ்க் 100 சதவீதத்துல இருந்தது அறிகுறி. நான் அதையே நோய்னு நினைச்சுட்டேன்.

அப்போ எப்படிப் பாக்கணும்?

கேள்வி கேட்ட நண்பருக்கு, வரலாறு போன வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல, வெறும் பிரிண்ட் ஸ்க்ரீன் அமுக்கி பெயிண்ட்ல பேஸ்ட் பண்ணுங்க. ஏதாவது டூல் திறந்துக்கிட்டா, செட்டிங்ஸ்ல அதை நிறுத்திட்டுப் பண்ணுங்க. உடனே வந்தா, படம் பிடிக்கறதுல பிரச்சினை இல்ல.

அடுத்து, அதே படத்தைக் கிளவுட் தொடாத ஒரு சாதாரண ஃபோல்டர்ல பிஎன்ஜியா சேவ் பண்ணுங்க. அங்க வேகம், பிக்சர்ஸ்ல மெதுவுன்னா, குற்றவாளி ஃபோல்டரைச் சுத்தி நிக்கற சிங்க்கோ ஆன்டிவைரஸோ. ஸ்க்ரீன்ஷாட் போற இடத்தை மாத்துங்க, பழையதை ஒதுக்கி வைங்க.

அங்கயும் மெதுவுன்னா, பிஎம்பியா சேவ் பண்ணிப் பாருங்க. பிஎம்பி பெரிய ஃபைல், ஆனா சுருக்கற வேலை இல்ல. பிஎம்பி வேகம், பிஎன்ஜி மெதுவுன்னா ப்ராசசர் திணறுது. நீங்க பயன்படுத்தற டூல்ல சுருக்கு அளவைக் குறைங்க. ரெண்டுமே மெதுவுன்னா டிஸ்க். டிஸ்கோட ஸ்மார்ட் அறிக்கையை ஒரு தடவை பாருங்க. சாகப்போற டிஸ்க் பல நேரம் முதல்ல மெதுவாகும். அதுக்கு மருந்து செட்டிங் இல்ல. பேக்கப் எடுத்துட்டு எஸ்எஸ்டி மாத்தறது.

மேக்னா முதல் வேலையா அந்த மிதக்கற குட்டிப்படத்தைப் பாருங்க. பாதிக் கதை அங்கயே முடியும்.

அப்புறம், நான் போட்ட அந்த ரெண்டாவது டிக்கைத் தொடாதீங்க. நல்ல யூபிஎஸ் இருந்தாலும் ரெண்டு தடவை யோசிங்க.

கடைசியா ஒண்ணு. நம்ம ஊர்ல ஸ்க்ரீன்ஷாட்ங்கறது வெறும் படம் இல்ல, ரசீது. பணம் கட்டினது, விண்ணப்பம் போட்டது, டிக்கெட் எடுத்தது எல்லாத்துக்கும் அதுதான் சாட்சி. 1981 பிசில இருந்த அந்த ஒரு பைட், நடக்குதா முடிஞ்சதான்னு சொன்ன பைட், இன்னைக்கு நம்ம திரையில தெரியற மாதிரி எங்கயும் இல்ல. அந்த வேலையை நாமதான் பண்ணணும். முக்கியமான பக்கம்னா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, ஃபைலைத் திறந்து பாருங்க, போனுக்கு ஒரு காப்பி அனுப்புங்க. அதுக்கும் முன்னாடி, நம்பரைப் பேனால எழுதிக்கோங்க.

மாமா கடைல இப்போ எஸ்எஸ்டி இருக்கு, யூபிஎஸ்ல புது பேட்டரி இருக்கு, ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் நூல்ல கட்டின பேனா தொங்குது. பேனா மாமாவோட யோசனை. தங்கச்சி அடுத்த வருஷம் அதே தேர்வை எழுதினா. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கோம். விண்ணப்பம் போட்ட அன்னைக்கு மூணு ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்கா. என்னை மெஷினைத் தொட விடல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. அதுவரைக்கும், சேவ் ஆச்சான்னு ஒரு தடவை திறந்து பாத்துக்கோங்க.